என் முகத்திலா தொழில் பழகினாய்?

“ஒண்ணும் செய்யாதுக்கா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்” என்றாய். நம்பிப் படுத்தேன்.

தைராய்டு வந்ததிலிருந்து என் புருவம் இரண்டும் வால் பக்கம் உதிர்ந்துகொண்டே வந்தது. காலையில் பென்சிலால் வரைந்துகொண்டு பள்ளிக்கூடம் போவேன். மூன்றாவது பீரியடுக்குள் வியர்வையில் அழிந்துவிடும். தங்கை மகள் கல்யாணம் நெருங்கிய நேரத்தில்தான் உன் கடை வாசலில் ‘மைக்ரோபிளேடிங், நிரந்தரப் புருவம்’ என்ற பலகை கண்ணில் பட்டது. தோலைப் பிளேடால் மெல்லக் கீறி, மை ஏற்றிப் புருவம் வரைகிற வேலை. உள்ளே சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ். ஆறாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். அது எத்தனை நாள் படிப்புக்குக் கொடுத்த சான்றிதழ் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லையே! இரண்டே நாள் என்று பிறகுதான் தெரிந்தது. ரப்பர் தோலில் இரண்டு நாள் கீறிப் பார்த்துவிட்டு என் முகத்தில் பிளேடை வைக்க உனக்கு எப்படி மனம் வந்தது?

சுகர் இருக்கிறதா, ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுகிறாயா, காயம் பட்டால் தழும்பு தடிக்குமா? ஒரு கேள்வி கேட்டாயா நீ?

படுக்க வைத்தே அளவெடுத்தாய். படுத்தால் முகத்துத் தோல் காதுப் பக்கம் சரியும். உட்கார வைத்து, நேரே பார்க்கச் சொல்லி வரைந்து, கையில் கண்ணாடி கொடுத்துச் சம்மதம் கேட்ட பிறகல்லவா பிளேடைத் தொட வேண்டும்? எழுந்து பார்த்தபோது இடது புருவம் ஒரு நெல்மணி அளவு மேலே நின்றது. இன்றும் நிற்கிறது. “டீச்சர், எங்க மேல கோவமா?” என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்கிறது. நான் சிரித்துக்கொண்டிருந்தபோது கேட்டது.

எறும்புக்கடி என்றாயே, ரத்தம் காதுவரை வழிந்தது. புள்ளி புள்ளியாகத் துளிர்த்தாலே போதும், அதற்கு மேல் ரத்தம் வரக் கூடாத வேலை அது. நீ ஆழமாக இறக்கிவிட்டாய். ஆழத்தில் போன கறுப்பு மை வெளியே நீலமாகத்தான் தெரியும். நான்காம் மாதம் தெரிந்தது.

பாளையங்கோட்டையில் தோல் மருத்துவரிடம் போனேன். மையில் இரும்பு ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ இருந்தால் லேசர் பட்டதும் நிறம் இன்னும் கறுத்துப் போகலாம், என்ன மை என்று கேட்டு வாருங்கள் என்றார். ஓடி வந்தேன். “டப்பாவத் தூக்கிப் போட்டுட்டேங்கா” என்றாய். என் தோலுக்குள் என்ன கிடக்கிறது என்று உனக்கே தெரியாது! ஒப்பனைக்காகத் தோலுக்குள் செலுத்துவதற்கென்று எந்த நிறமிக்கும் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்ததில்லை. 2022 ஜனவரி முதல் பச்சை குத்தும் மைக்கும் இந்த ஒப்பனை மைக்கும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது ஐரோப்பிய ஒன்றியம். நீ பெயர்கூடப் பார்க்காமல் என் முகத்தில் ஏற்றினாய்.

அந்தப் பிளேடு. அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு கலங்குகிறது. உறை பிரித்து எடுக்கவில்லை நீ. மேஜை டிராயருக்குள் டிஷ்யூ காகிதத்தில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தாய். நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. ஒருவருக்குப் போட்டால் எறிந்துவிட வேண்டிய பொருள் அது. எனக்கு முன்னால் யார் ரத்தத்தைத் தொட்டதோ! ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. என மூன்றுக்கும் பரிசோதனை செய்யச் சொன்னார் மருத்துவர். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் வாசலில் நின்றேன். ஒன்றுமில்லை என்று வந்தது. ஆறாம் மாதம் இன்னொரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை என் வீட்டில் யாருக்கும் நிம்மதியான தூக்கம் இல்லை.

நேற்று அந்தத் தெருவழியாக வந்தேன். உன் வாசலில் மூன்று ஜோடி செருப்பு.

தாயே, அங்கே படுத்திருப்பவள் நீயானால், படுக்கப் போகிறவள் நீயானால், ஒரு நிமிடம் கேள். போட்ட அன்று எடுத்த போட்டோவில் எல்லார் புருவமும் அழகாகத்தான் இருக்கும். ஒரு வருஷம் கழித்து அதே முகம் எப்படி இருக்கிறதென்று காட்டச் சொல். காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி மை வைத்து ஒரு நாளாவது பொறுத்துப் பார். மை டப்பாவின் லேபிளைப் போனில் படமெடுத்துக்கொள். பிளேடின் உறையை உன் கண் முன்னால் பிரிக்கச் சொல். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடு; முன்பணம் போனால் போகட்டும்.