மோசேக்குப் புரியாத பாடம்

யூத மதத்துக்கு வயது நாலாயிரம். ஆபிரகாமிடம் தொடங்கி, மோசே வழியாக, இன்றைய ரபி வரை ஒரே கடவுள், ஒரே வேதம், ஒரே நெறி. ஞாயிறு பள்ளியில் படித்தவர் இப்படிச் சொல்கிறார். ஆலயப் பக்கம் தலைவைத்தும் படுக்காத நாத்திகரும் இதையேதான் சொல்கிறார். பழைய ஏற்பாட்டைப் படித்துவிட்டால் யூதர்களைத் தெரிந்துகொண்டதாகிவிடும் என்ற நினைப்பும் இதோடு ஒட்டிப் பிறந்ததே. பண்டைய இஸ்ரவேலர் கும்பிட்ட முறை வேறு, யூத மதம் வேறு என்பதை ஏற்க இவர்களில் ஒருவருக்கும் மனமில்லை.

சினாய் பாலையில் குந்திலத் அஜ்ருத் என்றொரு மேடு. 1975-76இல் அங்கே அகழ்ந்தபோது, ஏறத்தாழ கி.மு. 800ஐச் சேர்ந்த பெரிய சாடிகள் கிடைத்தன. அவற்றில் எழுதியிருந்த ஆசிமொழிகள் இஸ்ரவேலரின் கடவுளான 'சமாரியாவின் யாவே'யின் பெயரோடு நிற்கவில்லை. அவருடைய அசேராவின் பெயரையும் சேர்த்தே வாழ்த்தின. எப்ரோன் அருகே கிர்பத் எல்-கோம் கல்லறைக் கல்வெட்டிலும் இதே சோடி. அசேரா என்பது தேவியா, தேவியின் மரத்தூணா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். தூண் என்றே வைத்துக்கொள்வோம். ஒரே கடவுளுக்குப் பக்கத்தில் அதற்கென்ன வேலை?

இதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது: அவர்கள் வழிதவறியவர்கள், தீர்க்கதரிசிகள் அதைத்தானே கண்டித்தார்கள்! வழி என்று ஒன்று முதலில் இருந்தால்தானே தவற முடியும்? கி.மு. 622 வாக்கில், யோசியா அரசன் காலத்தில், எருசலேம் ஆலயத்திலேயே ஒரு நியாயப்பிரமாணப் புத்தகம் 'கண்டெடுக்கப்படுகிறது'. அதை வாசிக்கக் கேட்ட அரசன் அதிர்ந்து ஆடையைக் கிழித்துக்கொள்கிறான். ஆலயத்துக்குள் நின்ற அசேராவை வெளியே கொண்டுபோய் எரிக்கிறான். அவன் நடத்தியதைப் போன்ற பஸ்கா நியாயாதிபதிகள் காலம் முதல் நடந்ததே இல்லை என்று இராஜாக்கள் புத்தகமே எழுதிவைத்திருக்கிறது. தாவீதும் சாலொமோனும் அந்த இடைவெளிக்குள் அடக்கம். கூடாரப் பண்டிகையைப் பற்றி நெகேமியா புத்தகம் இன்னும் பின்னே போய், யோசுவா காலம் தொட்டு அப்படி நடக்கவில்லை என்கிறது. தலைமுறை தலைமுறையாக யாரும் செய்யாததை மரபு என்றும், ஊரே செய்ததை மீறல் என்றும் சொல்வது வென்ற கட்சியின் பேச்சு.

தோற்ற கட்சியின் குரலும் ஓரிடத்தில் தப்பிப் பிழைத்திருக்கிறது: எரேமியா 44ஆம் அதிகாரம். எகிப்துக்கு ஓடிப்போன யூதாவின் ஆண்களும் பெண்களும் தீர்க்கதரிசியின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுகிறார்கள். எங்கள் முன்னோரும் அரசர்களும் எருசலேம் தெருக்களில் வானராக்கினிக்குத் தூபம் காட்டினார்கள், அப்போது வயிறார உண்டோம், நிறுத்திய பிறகுதான் பஞ்சமும் பட்டயமும் வந்தன என்கிறார்கள். அவர்கள் பார்வையில் புது மதம் பேச வந்தவர் எரேமியாதான்.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் இந்தக் கதை முடியவில்லை. அஸ்வானை ஒட்டி நைல் நதியில் உள்ள எலிஃபன்டைன் தீவில், பாரசீகப் பேரரசின் படைவீரர்களாக யூதர்கள் குடியிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன அரமேய மொழி பாப்பிரஸ் ஏடுகளைவிடப் பெரிய சாட்சி இந்த வழக்கில் இல்லை என்பேன். அவர்களுக்கு அங்கேயே பலிபீடத்தோடு யாகுவின் கோயில் இருந்தது. யாவேயை அப்படித்தான் அழைத்தார்கள். பலி ஒரே இடத்தில்தான் என்கிற உபாகமத்தின் கட்டளையை யாரும் அவர்கள் காதில் போடவில்லை போலும். கி.மு. 410இல் க்னூம் கடவுளின் பூசாரிகள் தூண்டுதலால் அந்தக் கோயில் இடிக்கப்பட்டது. மூன்று ஆண்டு கழித்து, திரும்பக் கட்ட உதவி கேட்டு யூதாவின் ஆளுநர் பகோகிக்கு விண்ணப்பம் போகிறது. எருசலேமின் பிரதான ஆசாரியருக்கு முன்பே எழுதியும் பதில் வரவில்லை என்ற மனக்குறையும் அதில் உண்டு. விதிக்கு விரோதமான கோயிலை நடத்துகிறோம் என்ற கூச்சம் மட்டும் துளியும் இல்லை.

கி.மு. 400 வாக்கைச் சேர்ந்த ஒரு காணிக்கைக் கணக்கு இதையும் மிஞ்சும். யாகு கடவுளுக்கு ஆளுக்கு இரண்டு ஷெக்கெல் வெள்ளி கொடுத்தவர்களின் பெயர்கள் என்று தலைப்பு. கடைசியில் கூட்டிப் பிரித்திருப்பதோ வேறு: யாகுவுக்கு 126 ஷெக்கெல், அனத்-பெத்தேல் தேவிக்கு 120, எஷெம்-பெத்தேல் என்ற கடவுளுக்கு 70. அந்தத் தீவின் ஏடுகளில் அகிக்கார் என்னும் ஞானியின் கதை இருக்கிறது. வேதாகமப் புத்தகம் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் தோராவை, அதாவது மோசேயின் ஐந்தாகமங்களின் சட்டத்தை, சாமானியர்கள் வீட்டளவில் கைக்கொள்ளத் தொடங்கியது எப்போது? கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக்கு முன் அதற்கு உறுதியான சான்று இல்லை என்று தொல்லியலாளர் யோனத்தான் அட்லர் 2022இல் வெளியிட்ட நூலில் வாதிடுகிறார். செதிலில்லாத மீன் விலக்கு. எருசலேமின் பழைய குப்பையிலோ கெளுத்தி எலும்பு. உருவம் கூடாது, பாரசீகர் காலத்து யூதா நாணயங்களிலோ மனிதத் தலையும் ஆந்தையும். தீட்டுக் கழிக்கும் படிக்கட்டுத் தொட்டிகள் அதே இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த யூத ஹஸ்மோனிய அரசர்கள் காலத்தில்தான் தலைகாட்டுகின்றன. சான்று கிடைக்காததாலேயே முன்பு எவரும் கைக்கொள்ளவில்லை என்று முடிவுகட்ட முடியாதுதான். ஆனால் நாலாயிரம் ஆண்டு என்பவர்கள் தங்கள் பக்கத்துக்கு எதைக் காட்டுகிறார்கள்?

கி.பி. 70இல் ரோமர் ஆலயத்தை எரித்ததோடு பலி நின்றது, ஆசாரியர் அதிகாரம் போனது. ஜெபமும் படிப்பும் ரபியும் அந்த இடத்துக்கு வந்தன, கி.பி. 200 வாக்கில் ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா உருவானது. எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது ரபிகளுக்குத் தெரியாததல்ல. அவர்களுடைய தல்மூதில் ஒரு கதை: மோசே, தனக்குப் பல தலைமுறை பிந்திய ரபி அக்கிவாவின் வகுப்பில் போய்ப் பின்வரிசையில் உட்கார்கிறார். பாடம் ஒன்றும் விளங்காமல் சோர்ந்துபோகிறார். இதற்கு ஆதாரம் என்ன என்று மாணவர்கள் கேட்க, சினாயில் மோசேக்கு அருளப்பட்டது என்கிறார் அக்கிவா. அதைக் கேட்ட பிறகே மோசேயின் மனம் ஆறுகிறது. தன் மாற்றத்தை இத்தனை குறும்போடு சொல்லிக்கொண்ட மதத்தை மாறாத மதம் என்று மெச்சுகிறவர்கள், அதை வாசிக்காமலே மெச்சுகிறார்கள்.

இப்படி எழுதினால், யூதர்கள் போலிகள் என்று சொல்லத் துடிக்கும் வெறுப்பாளர்களும் ஆதரவாக ஓடிவருவார்கள். அவர்களுக்கு இங்கே இடமில்லை. அதே கடவுள், அதே எருசலேம், அதே முன்னோரின் நினைவு என்ற தொடர்ச்சியை எவரும் அழித்துவிட முடியாது. அந்தச் சொத்துக்கு வாரிசு ஒருவர் மட்டுமல்ல என்பதுதான் சேதி. கெரிசீம் மலையில் சமாரியர்கள், சில நூறு பேர்தான், இன்றும் பஸ்காவுக்கு ஆடு பலியிடுகிறார்கள். ஐந்தாகமங்கள் அவர்களுக்கும் வேதம். எருசலேம் ஒரு பொருட்டே இல்லை. மோசேயின் மதம் தங்களிடம்தான் இருக்கிறது, விலகிப்போனவர்கள் யூதர்கள் என்பது அவர்கள் வாதம். நாலாயிரம் ஆண்டுக் கணக்கு பேசுகிறவர்கள் முதலில் அவர்களுக்குப் பதில் சொல்லட்டும்.