கடைத்தேங்காயும் வழிப்பிள்ளையாரும்

"வக்கீல் தொழில் நம்பிக்கைத் தொழில். அதில் பேரேட்டுக்கு என்ன வேலை?" என்று கேட்டு, ஐம்பது வருடம் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் போன இதழில் நான்கு பக்கம் எழுதியிருந்தார். கட்சிக்காரர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும், ஆளுக்கொரு பேரேட்டுப் பக்கம் வேண்டும், மாதாமாதம் பாஸ்புக்கோடு ஒப்பிட வேண்டும் என்று நான் எழுதியதற்கு அது மறுப்பாம். நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் தன் குருநாதரின் பெருமை. மீதி அரைப் பக்கத்துக்குத்தான் பதில் சொல்ல முடியும்.

நான் வக்கீல் இல்லை, கணக்கன். முப்பது வருடமாக வக்கீல் ஆபீஸ்களுக்கு வரவுசெலவு எழுதிப் பிழைப்பவன். "கணக்கனுக்குச் சட்டம் என்ன தெரியும்" என்று ஐயா கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் அவர் மறந்துபோன சட்டத்தை நினைவூட்டும் வேலையும் கணக்கன் தலையில் விழுந்திருக்கிறது.

தனிக் கணக்கு என்பது "இங்கிலாந்துச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒட்டாது" என்கிறார். நம் மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். இந்திய பார் கவுன்சில் விதிகள், ஆறாம் பாகம், இரண்டாம் அத்தியாயம். விதி 25: கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும், வந்தது, செலவானது, ஃபீஸாக எடுத்தது எல்லாம் தேதியோடு இருக்க வேண்டும். விதி 26: வந்த பணம் ஃபீஸா, செலவுக்கா என்று பதிவிலேயே எழுத வேண்டும், வழக்கு நடக்கும்போது செலவுப் பணத்தை ஃபீஸுக்குத் திருப்ப வேண்டுமானால் கட்சிக்காரர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். விதி 27: கட்சிக்காரருக்காகப் பணம் வந்தால் கூடிய சீக்கிரம் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். விதி 31: கையில் இருக்கும் அந்தப் பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு கூடாது. இவற்றில் எது லண்டனில் இருந்து கப்பலில் வந்தது? ஐயா சன்னது வாங்கிய நாளிலிருந்து அவரைக் கட்டுப்படுத்தி வரும் விதிகள் இவை.

கணக்கெழுதுவது வெள்ளைக்காரன் பழக்கம் என்று சொல்ல ஒரு தமிழருக்கு மனம் வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். பர்மாவில் கடை வைத்த நகரத்தார் ஒவ்வொரு கடையிலும் பேரேடு எழுதினார்கள், ஐந்தொகை எடுத்தார்கள். அவர்கள் தொழிலும் நம்பிக்கைத் தொழில்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தனி வங்கிக் கணக்கு திற என்று நம் விதிகள் வாய்விட்டுச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 2019 நவம்பர் 25 முதல் நடப்பில் உள்ள சொலிசிட்டர் கணக்கு விதிகள் அதைச் சொல்கின்றன: கட்சிக்காரர் பணம் தனிக் கணக்கில், 'கட்சிக்காரர்' என்ற சொல் கணக்கின் பெயரிலேயே இருக்க வேண்டும், ஐந்து வாரத்துக்கு ஒருமுறையாவது வங்கி அறிக்கையோடு ஒப்பிட வேண்டும். நம் விதியில் இந்த ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைப்போம் என்றேன் நான். ஓட்டை இருப்பதால் அதற்குள் குடியிருக்கலாம் என்கிறார் ஐயா.

அவருடைய முக்கிய வாதத்துக்கு வருகிறேன். "எல்லாப் பணமும் ஒரே கணக்கில் கிடந்தால் என்ன கெட்டுப்போகும்? கேட்கும்போது கொடுக்கப் பணம் இருந்தால் போதாதா?" கேட்க நன்றாக இருக்கிறது. எழுதிப் பார்த்தால் நாறுகிறது.

விபத்தில் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு நஷ்டஈடாக 4,50,000 ரூபாய் செக் வருகிறது. வக்கீலின் கணக்கில் போடுகிறார்கள். பதிவு: வங்கி பற்று 4,50,000; அந்தப் பெண்ணின் பக்கத்தில் வரவு 4,50,000. அந்த வரவுக்கு என்ன அர்த்தம்? வக்கீல் அவளுக்கு அவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று அர்த்தம். அது வருமானம் அல்ல. மறுநாள் ஒரு நிலவழக்குக்காரர் கோர்ட் ஃபீஸுக்கும் பேட்டாவுக்கும் 20,000 கட்டுகிறார். பதிவு அதே மாதிரி. ஆனால் தாக்கல் செய்யும்போது தேவைப்படுவது 32,000. ஜூனியர் அதே கணக்கிலிருந்து 32,000 எடுத்துக் கட்டிவிடுகிறார். நிலக்காரர் பக்கத்தில் வரவு 20,000, பற்று 32,000. பன்னிரண்டாயிரம் பற்று நிலுவை.

இப்போது பாஸ்புக்கைப் பாருங்கள். 4,38,000 இருக்கிறது. ஐயா சொல்வதுபோல் "பணம் இருக்கிறது". ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டியது 4,50,000. குறைகிற பன்னிரண்டாயிரத்தை நிலக்காரரின் வழக்குக்குக் கடன் கொடுத்தவள் அவள்தான், அவளுக்கே தெரியாமல். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறார்கள். இது எந்தப் பாஸ்புக்கிலும் தெரியாது. ஆளுக்கொரு பக்கம் எழுதினால்தான் தெரியும். பற்று நிலுவை விழுந்த கணமே வக்கீல் தன் சொந்த ஆபீஸ் பணத்திலிருந்து பன்னிரண்டாயிரத்தைப் போட்டு நிரப்ப வேண்டும் என்பதுதான் இங்கிலாந்து விதி. நிலக்காரரிடம் வசூலிப்பது வக்கீல் கவலை. அந்தப் பெண்ணின் கவலை அல்ல.

இதில் திருட்டு எங்கே நடந்தது? எங்கும் இல்லை. ஜூனியர் நல்ல பையன், காலக்கெடு தவறாமல் தாக்கல் செய்தவன். கணக்கு இல்லாத இடத்தில் நல்லவன்கூட அடுத்தவர் பணத்தில் கைவைத்துவிடுவான் என்பதுதான் என் முழு வாதமும். ஐயா இதைத் தன் நேர்மையின் மீது வைத்த சந்தேகமாக எடுத்துக்கொண்டு மூன்றரைப் பக்கம் குருநாதரைச் சொல்லி அழுதிருக்கிறார்.

ஒரு தென்மாவட்ட ஆபீஸில் இதுபோல் வந்த ஒரு தொகையைக் காட்டி, இது யாருடையது என்று குமாஸ்தாவைக் கேட்டேன். "நம்ம பணம் இல்லை சார். ஆனா இப்போதைக்கு நம்ம பணம்தான்" என்றார். அதைவிடத் துல்லியமாக இந்த நோயை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

"கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட்டால் குற்றமில்லை" என்பது அடுத்த வரி. உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்த்த ஒரு வழக்கை ஐயா படித்திருப்பார் என்று நம்புகிறேன். உத்தரப் பிரதேசத்தில் நிலம் கையகப்படுத்தியதற்காக ஒரு கட்சிக்காரருக்குக் கோர்ட்டில் கட்டப்பட்ட தொகை 8,118 ரூபாய். வக்கீல் அதை 1987-இல் எடுத்தார், கட்சிக்காரருக்குக் கொடுக்கவில்லை. புகார் போன பிறகு, சமரசம் ஆகிவிட்டது என்று ஒரு வாக்குமூலம் முளைத்தது; கட்சிக்காரர் அதை மறுத்தார். ஒழுங்கு நடவடிக்கைக் குழு தொழிலிலிருந்து இடைநீக்கம் போதும் என்றது. போதாது, வழக்கறிஞர் பட்டியலிலிருந்தே பெயரை எடு என்றது உச்ச நீதிமன்றம். எண்ணாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு.

ஃபீஸ் பாக்கி இருந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார். அதற்கு விதி 28 இருக்கிறது: வழக்கு முடிந்த பிறகு, பேசி முடித்த ஃபீஸை மிச்சப் பணத்தில் எடுத்துக்கொள்ளலாம். "முடிந்த பிறகு", "பேசி முடித்த" என்ற இரண்டையும் கவனியுங்கள். நஷ்டஈட்டில் இத்தனை சதவீதம் என்று பேசுவது அதில் சேராது. விதி 20 அதைத் தடுக்கிறது.

"வருமான வரிக்காரனே கணக்குக் கேட்பதில்லை, வரிச் சட்டம் விட்டிருக்கும் வழியில் வரவில் பாதியை லாபமாகக் காட்டிவிட்டுப் போகிறோம்" என்பது கட்டுரையிலேயே ரசமான இடம். வரித்துறை கேட்காதது வக்கீலின் சொந்த வருமானத்தின் கணக்கை. நான் கேட்பது அடுத்தவர் பணத்தின் கணக்கை. இரண்டையும் ஒரே பாஸ்புக்கில் கொட்டிவைத்தால், அந்தப் பெண்ணின் நாலரை லட்சமும் ஐயாவின் வருமானமாகத்தான் அதிகாரி கண்ணுக்குப் படும். அன்றைக்குப் பேரேட்டைத் தேடிக்கொண்டு என்னைப்போல் ஒரு கணக்கனிடம்தான் ஓடிவர வேண்டும்.

இங்கிலாந்தில் இத்தனை விதி இருந்தும் 2023-இல் ஆக்ஸியம் இன்ஸ் என்ற வக்கீல் நிறுவனத்தில் 6 கோடி பவுண்டுக்கு மேல் கட்சிக்காரர் பணம் காணாமல் போனதே என்று கேட்கிறார். போனது உண்மை. விதி எழுதினால் மட்டும் திருட்டு நின்றுவிடும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அங்கே கட்டுப்பாட்டு ஆணையம் உள்ளே புகுந்து நிறுவனத்தை மூடியது. பணம் இழந்தவர்கள் கேட்டுப் பெற ஒரு நஷ்டஈட்டு நிதி இருக்கிறது. இங்கே பணம் போனால் எவ்வளவு போனது என்று சொல்லவே ஒரு காகிதம் இருக்காது. பூட்டு உடைந்த வீட்டைக் காட்டி, கதவே வேண்டாம் என்கிறார் ஐயா.

நம்பிக்கை, நம்பிக்கை என்று எட்டு இடத்தில் எழுதியிருக்கிறார். எண்ணினேன், கணக்கன் புத்தி. அந்த நம்பிக்கைக்கே தேவை இல்லாதபடி, மோட்டார் விபத்து நஷ்டஈட்டை நேராகக் கட்சிக்காரரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பலாம் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழி சொல்லிவிட்டது. தாமதத்தைத் தவிர்க்க என்பது அதற்குச் சொன்ன காரணம். இடையில் கைகள் குறைவது நல்லது என்பது என் வாசிப்பு.

ஐயாவுக்கு இனி என்னிடம் பதில் இல்லை. வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் கணக்கின் நகலைக் கேட்டால் வக்கீல் கொடுத்தாக வேண்டும் என்கிறது விதி 30. நகல் எடுக்கும் செலவு மட்டும் உங்களுடையது. அடுத்த வாய்தாவுக்குப் போகும்போது அந்தக் காசைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.