சைக்கிளும் மரத்துப் போகும் விரல்களும்



சைக்கிளை விட்டு இறங்கியதும் சட்டைப் பொத்தானை மாட்ட முடியவில்லை, பூட்டில் சாவியைத் திருக இயலவில்லை என உங்கள் இல்லத்தில் எவரேனும் கூறினால், அதனை வெறும் களைப்பென்று தள்ளிவிடாதீர்கள். உள்ளங்கை வழியே செல்லும் நரம்பு நசுங்குகிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம்.

இத்தொல்லையை ‘ஹைபிரிட்’ சைக்கிள் வாங்கியோரிடம் மிகுதியாகக் காணலாம். சாலைப் பந்தயச் சைக்கிளையும் மலைப்பாதைச் சைக்கிளையும் கலந்து செய்யப்பட்ட வகை அது. அதன் ஹேண்டில்பார் ஏறக்குறைய நேர்க்கோலாக இருக்கும். பந்தயச் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரில் கைகளை மூன்று நான்கு இடங்களில் மாற்றிப் பிடிக்கலாம். இதிலோ ஒரே இடம்தான். நம் பாட்டனார் காலத்துக் கறுப்புச் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். அதன் கைப்பிடிகள் ஓட்டுபவரை நோக்கி வளைந்திருக்கும். நிமிர்ந்து அமர்வதால் உடற்பாரம் ஸ்பிரிங் வைத்த இருக்கையின் மீது இறங்கும். நாகரிகம் போதாது என்று ஒதுக்கப்பட்ட அந்த அமைப்பு, கைகளுக்குச் செய்த நன்மை பெரிது.

சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்வளிக்கும் நரம்பு, மணிக்கட்டின் ஓரத்தில், இரு சிற்றெலும்புகளுக்கு இடையே ஒரு குறுகிய வழியில் செல்கிறது. 1861-ஆம் ஆண்டில் அதனை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் குயோன் என்பவரின் பெயராலேயே அவ்வழி அழைக்கப்படுகிறது. கைப்பிடி அழுத்துவது பெரும்பாலும் அவ்விடத்தைத்தான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்தால், மணிக்கட்டின் நடுவே செல்லும் மற்றொரு நரம்பு துன்புறுகிறது எனக் கொள்ளலாம். அதற்கு மணிக்கட்டு பின்னோக்கி மடிந்திருப்பது முக்கியக் காரணம். ஆகவே எந்த விரல் மரக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள்.

கை வலித்தவுடன் பலரும் கடைக்குச் சென்று மெத்தென்ற கையுறை வாங்குகின்றனர். ஆனால் குறை பெரும்பாலும் இருக்கையில் இருக்கிறது! இருக்கையின் முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் முன்னே வழுக்கும். அதைத் தடுக்கக் கைகள் ஓயாது உந்திக்கொண்டே இருக்கும். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, இருக்கையைச் சமமாக்குங்கள். ஹேண்டில்பார் எட்டவில்லையென்று இருக்கையை முன்னே தள்ளுவது பலரும் செய்யும் தவறு. இடுப்பு முன்னே வர வர, கைகளின் மீது பாரம் கூடுமேயன்றிக் குறையாது. ஆளில்லாத மைதானத்தில் மெல்ல மிதித்தபடி, கைகளை எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்திப் பாருங்கள். உடல் உடனே முன்னால் சாய்கிறதா? அவ்வாறாயின் இருக்கையைச் சில மில்லிமீட்டர் பின்னே நகர்த்துங்கள்.

அதன் பின்னரும் ஹேண்டில்பார் தொலைவாகத் தோன்றினால், அதனைத் தாங்கும் ‘ஸ்டெம்’ என்னும் பகுதியை மாற்ற வேண்டும். 90 மில்லிமீட்டர் நீளமுள்ளதற்குப் பதில் 70 மில்லிமீட்டர் உள்ளதைப் போட்டாலே வேறுபாடு நன்கு தெரியும். ஸ்டெம்மின் மேலே வளையங்கள் இருப்பின், அவற்றைக் கீழே மாற்றி உயரத்தைக் கூட்டலாம். இவ்வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நலம். முன்சக்கரத்தின் பாதுகாப்பு இதில் அடங்கியுள்ளது.

பிரேக் லிவரையோ நீங்களே திருத்தலாம். அதன் திருகை ஆலன் கீ கொண்டு சற்றே தளர்த்தி, விரல்களை லிவர் மீது வைத்த நிலையில் முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் அமையும்படி திருப்பி, மீண்டும் இறுக்குங்கள். செலவில்லாத இச்சிறு மாற்றம், விலையுயர்ந்த கையுறையை விட மேலானது என்பேன்.

இவற்றுக்குப் பின்னரே கைப்பிடி உறைகளைப் பற்றி எண்ண வேண்டும். உருண்டை ரப்பர் உறைக்குப் பதிலாக, உள்ளங்கையைத் தாங்கும் அகன்ற இறக்கை கொண்ட உறைகள் கிடைக்கின்றன. திருகால் இறுக்கிப் பூட்டுபவற்றையே வாங்குங்கள்; பாரத்தில் இறக்கை சுழன்றுவிட்டால் பயனில்லை. ஓரங்களில் கொம்பு போன்ற பிடி பொருத்தினால் கையை மாற்றி வைக்கலாம். ஆயினும் கொம்பைப் பிடித்திருக்கையில் பிரேக் எட்டாது என்பதைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நெரிசலான கடைவீதியில் அது ஆகாது.

டயரில் கல்போலக் காற்றடிப்பதும் கைக்குப் பகை. டயரின் பக்கவாட்டில் காற்றழுத்தத்தின் எல்லை அச்சிடப்பட்டிருக்கும். அதன் உச்சத்திற்குப் போகாமல் சற்றுக் குறைத்து அடித்தால் சாலையின் அதிர்வு தணியும். முழங்கைகளைச் சிறிது மடித்தும் பிடியைத் தளர்த்தியும் ஓட்டுவது நன்று.

நீரிழிவு உடையோர் சற்று அதிக எச்சரிக்கையுடன் இருத்தல் வேண்டும். அவர்களுடைய நரம்புகள் அழுத்தத்தை எளிதில் தாங்கா. சைக்கிளை நிறுத்திச் சில நாட்களாகியும் மரப்பு நீங்காவிடினும், விரல்களை அகற்றிச் சேர்க்க வலுவில்லாவிடினும், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். தைலம் தடவிக் காலம் கடத்தினால் கைத்தசை மெலியக்கூடும்.

திருத்தங்களை ஒரே நாளில் செய்துவிடாதீர்கள். இருக்கையின் பழைய நிலையைச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டு, ஒன்றை மாற்றி, நான்கைந்து நாட்கள் ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொடுங்கள்.