தரை டிக்கெட்டைத் திருடியவர்கள்

"பாட்டெல்லாம் கேட்டேன் அண்ணே. பாடுனவர் மூஞ்சியத்தான் பாக்கல."

சொன்னவன் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் பி.ஏ. படிக்கிற பையன். சென்னைக்கு வெளியே நடந்த ஒரு பெரிய இசை நிகழ்ச்சிக்கு ஒரு ராத்திரி கூலிக்குப் போயிருக்கிறான். மேடைக்கு முன்னால் இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, மேடைக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அதுதான் வேலை. திரும்பிப் பார்த்தால் கூலியில் பிடித்தம். அவனுக்கு எட்டடி தூரத்தில் பதினைந்தாயிரம் ரூபாய் நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவர், "தம்பி, மறைக்காத, குனிஞ்சி நில்லு" என்று நாலைந்து தடவை சத்தம் போட்டிருக்கிறார். இவனும் குனிந்து நின்றிருக்கிறான். விடியும்போது 700 ரூபாய் கொடுத்தார்கள். போட்டிருந்த டீ சர்ட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

"கடைசில நிக்கறதுக்கே ரெண்டாயிரம் டிக்கெட்டாம்ணே. மூணு ராத்திரி இப்பிடி முதுகு காட்டி நின்னா, ஒரு ராத்திரி திரும்பி நின்னு பாக்கலாம்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைத் தோழர்கள் சிலரிடம் சொன்னேன். ஒருவர் உடனே, "சோத்துக்கே வழியில்லாத சனம். பஞ்சமி நிலம் போச்சு, படிப்பு போச்சு. இதுல பாட்டுக் கச்சேரி டிக்கெட்டு வெல ஏறுனா நமக்கென்ன?" என்றார். நியாயமாகத் தோன்றுகிற கேள்விதான். ஆனால் தவறான கேள்வி.

ரெட்டை டம்ளர் பிரச்சினை டீயைப் பற்றிய பிரச்சினையா? டீ குடிக்காமல் யாரும் சாகப் போவதில்லை. 1927இல் மகாத்தில் சவுதார் குளத்துக்குப் போன அம்பேத்கர், இந்தத் தண்ணீரைக் குடிக்காவிட்டால் செத்துவிடுவோம் என்பதற்காக நாம் போகவில்லை, நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே போகிறோம் என்ற பொருளில்தான் பேசினார். பொது இடம் என்று ஒன்று இருந்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு. குளம், தெரு, கோயில், பள்ளிக்கூடம் என்று நாம் கேட்டு வந்த பட்டியலில் பாட்டு கேட்கிற மைதானத்தை மட்டும் ஏன் விட வேண்டும்? சேரிக்காரனுக்கு வயிறு மட்டும்தான் இருக்கிறது, காது இல்லை என்று எவன் சொன்னான்? அப்படிச் சொல்கிறவன் சாதி இந்துவாக இருந்தாலும் நம் தோழராக இருந்தாலும் பேசுவது ஒரே பேச்சுதான்.

'டிக்கெட்' என்பதற்கு நம் மண்ணில் ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரியாமல் இன்றைய விலையைப் புரிந்துகொள்ள முடியாது.

கோயிலில் வாசித்த இசைக்கும் ஜமீன் மாளிகையில் பாடிய பாட்டுக்கும் டிக்கெட் கிடையாது. உள்ளே விட வேண்டியவன் யார் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. ஊர்த் திருவிழாவில் விடிய விடிய மெல்லிசைக் கச்சேரி, அதுவும் இலவசம். ஆனால் மேடை ஊர்த்தெருவில். சேரி சனம் தூரத்தில் இருட்டில் நின்று கேட்கும். சென்னை சபாக்களில் மார்கழி மாதத்துப் பகல் கச்சேரிகள் பலவற்றுக்கு இன்றும் கட்டணம் இல்லை. கதவு திறந்தே கிடக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தக் கதவைத் தாண்டியிருக்கிறோம்? ஆகவே இலவசம் என்பதாலேயே ஓர் இடம் பொது இடமாகிவிடாது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்வோம்.

டிக்கெட் வந்தது நாடகக் கொட்டகையிலும் சினிமாக் கொட்டகையிலும். தமிழர்கள் எல்லோரும் முதன்முதலாக ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இருக்கையை முடிவு செய்தது சாதி அந்தஸ்து அல்ல, வாங்கும் சக்திதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இலேயே எழுதினார். யோசித்துப் பாருங்கள். சில அணா கொடுத்தால் மணல் தரையில் உட்காரலாம். "நீ யாரு, எந்தத் தெரு?" என்று கேட்க முடியாது. கையில் சீட்டு இருக்கிறது. தரை டிக்கெட் என்றால் இன்று கேலிச்சொல். நமக்கு அது நுழைவுரிமைச் சீட்டு. கோயிலுக்குள் விடாதவனும் கொட்டகைக்குள் நம் மூச்சுக்காற்றைச் சுவாசித்தே ஆகவேண்டியிருந்தது.

நாற்காலி அவனுக்கு, தரை நமக்கு என்பதை நான் மறக்கவில்லை. பணம் சாதிப்படிதான் பங்கு போடப்பட்டிருக்கிறது. இருந்தாலும் தரை என்று ஒன்று இருந்தது. இன்று நடக்கிற கொள்ளை என்ன? அந்தத் தரையையே சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள் என்பதுதான்.

கணக்கைப் பார்ப்போம். உலகச் சுற்றுப்பயணக் கச்சேரிகளின் வசூலைக் கணக்கெடுக்கும் போல்ஸ்டார் இதழின்படி, முதல் 100 சுற்றுப்பயணங்களின் சராசரி டிக்கெட் விலை 1996இல் சுமார் 26 டாலர். 2024இல் சுமார் 136 டாலர். இதே காலத்தில் அமெரிக்காவின் பொது விலைவாசி ஏறியது ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிக்கெட் ஏறியது ஐந்து மடங்குக்கு மேல். 2025 ஜனவரியில் நவி மும்பையில் நடந்த கோல்ட்ப்ளே கச்சேரிகளுக்கு விலை 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 ரூபாய் வரை. 2024 செப்டம்பர் 22 அன்று புக்மைஷோவில் விற்பனை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் முடிந்தது. பிறகு மறுவிற்பனைத் தளங்களில் அதே டிக்கெட்டுக்கு லட்சக்கணக்கில் விலை கேட்டார்கள். கொடுத்தவனுக்காவது மரியாதை உண்டா? 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியவர்களே கூட்டத்தில் நசுங்கி, உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். கூட்டத்தில் பெண்கள் சீண்டப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். காசு வாங்கும்போது ஆளை எண்ணுகிறவர்கள், நிற்க இடம் விடும்போது எண்ணுவதில்லை.

'பிளாக் டிக்கெட்' ஞாபகம் இருக்கிறதா? தியேட்டர் வாசலில் பத்து ரூபாய் டிக்கெட்டை இருபதுக்கு விற்ற பையனைப் போலீஸ் இழுத்துப்போய் முட்டிக்கு முட்டி தட்டியது. அவன் பெரும்பாலும் குப்பத்துப் பையன், சேரிப் பையன். 2024 ஆகஸ்ட் 31 அன்று பிரிட்டனில் ஒயாசிஸ் குழுவின் டிக்கெட் விற்பனை நடந்தது. சுமார் 150 பவுண்டு என்று அறிவித்த டிக்கெட், வரிசையில் மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் கண் முன்னாலேயே 355 பவுண்டாக ஏறியது. ஏற்றியது வாசலில் நின்ற பையன் அல்ல, கம்ப்யூட்டர். இதற்குப் பெயர் பிளாக் அல்லவாம், 'டைனமிக் பிரைசிங்' என்கிறார்கள். ஏழை செய்தால் திருட்டு, கம்பெனி செய்தால் 'சந்தை'. மொழியிலேயே வர்ணாசிரமம்!

"விலை ஏறாவிட்டால் கலைஞன் எப்படிப் பிழைப்பான்? கேசட், சி.டி. காலம் போய்விட்டது, இன்று கச்சேரியில்தானே நாலு காசு" என்று ஒரு வாதம் வருகிறது. பாதி உண்மை. பதிவு இசையின் வருமானம் 2000க்குப் பிறகு சரிந்ததும், கலைஞர்கள் மேடையை நம்ப வேண்டி வந்ததும் நடந்ததுதான். ஆனால் டிக்கெட் விலை முழுக்கக் கலைஞனுக்கா போகிறது? 2023இல் 'தி க்யூர்' என்ற பிரிட்டிஷ் குழு அமெரிக்காவில் 20 டாலருக்கே டிக்கெட் வைத்தது. டிக்கெட்மாஸ்டர் கம்பெனி போட்ட 'சேவைக் கட்டணம்' சில இடங்களில் டிக்கெட் விலையையே தாண்டியது. பாடகர் ராபர்ட் ஸ்மித் பகிரங்கமாகச் சண்டை போட்ட பிறகு, டிக்கெட்டுக்கு 5 டாலர், 10 டாலர் என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பே 1994இல் பேர்ல் ஜாம் குழு, டிக்கெட் 20 டாலருக்குள் இருக்க வேண்டும் என்று இதே கம்பெனியோடு மோதி, அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய்ச் சாட்சி சொன்னது. விசாரணை 1995இல் மூடப்பட்டது. 2010இல் டிக்கெட்மாஸ்டரும் லைவ் நேஷனும் ஒன்றாகச் சேர்ந்தன. அரங்கம், ஏற்பாடு, டிக்கெட் மூன்றும் ஒரே கைக்குள். 2024 மே மாதம் அமெரிக்க அரசே இந்த ஏகபோகத்தை எதிர்த்து வழக்குப் போட வேண்டியதாயிற்று. நம் ஊரிலும் வாசல்கள் நாலு கைக்குள் சுருங்கிக்கொண்டிருக்கின்றன. 2024இல் பேடிஎம்மின் டிக்கெட் வியாபாரத்தை 2,048 கோடி ரூபாய்க்கு சொமாட்டோ வாங்கியது. அவ்வளவு கோடி கொடுத்தவன் அதை யாரிடமிருந்து எடுப்பான்?

நட்சத்திரப் பாடகர்கள் நிரபராதிகள் என்று நான் சொல்லவில்லை. க்யூரும் பேர்ல் ஜாமும் சண்டை போட்டார்கள் என்றால் மற்றவர்களும் போட்டிருக்கலாம். போடவில்லை. பங்கு வருகிறது, வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆனால் அதே மேடையில் தபேலா வாசிக்கிறவர், பறை அடிக்கிறவர், கோரஸ் பாடுகிற பெண்கள், மேடை கட்டியவர், விடிந்ததும் மைதானத்துக் குப்பையை அள்ளுகிறவர் இவர்களுக்கு விலை ஏறிய அளவுக்குக் கூலி ஏறியதா? நம் பையனுக்கு 700 ரூபாய். அதுதான் பதில்.

இனி நம் வீட்டு விஷயம். இதையும் பேசாமல் போனால் நான் அயோக்கியன். "நாங்க டிக்கெட்டே போடறதில்ல, எங்க கலைவிழா எல்லாம் இலவசம்" என்று இயக்கங்கள் பெருமைப்படுகின்றன. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கட்டணமில்லாமல் பாடியபோது ஆயிரக்கணக்கில் கூடினோமே, அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் நாம் நடத்துகிற பல விழாக்களில், ஊரிலிருந்து வருகிற பறைக் குழுவுக்குப் பஸ் செலவும் ஒரு சால்வையும் கொடுத்து, "தோழர், இயக்கத்துக்காக" என்று அனுப்பி வைக்கிறோமா இல்லையா? சாவுக்கும் திருவிழாவுக்கும் ஓசியாகப் பறையடி என்று ஊர் கட்டளையிட்டதை எதிர்த்துத்தானே நம் முன்னோர் பறையைக் கீழே வைத்தார்கள்? அடி வாங்கினார்கள், ஊரைவிட்டு விலக்கப்பட்டார்கள். அந்த ஓசியை நாம் சிவப்புத் துணியிலும் நீலத் துணியிலும் சுற்றித் திரும்பக் கொண்டுவரக் கூடாது. கேட்கிறவனுக்கு விலை குறைய வேண்டும் என்றால், அதன் பாரம் வாசிக்கிறவன் முதுகில் ஏறக் கூடாது.

அப்படியானால் என்ன கேட்கிறோம்? கருணையை அல்ல. 'ஏழை மாணவர்களுக்குச் சில இலவசப் பாஸ்' என்று யாரும் பிச்சை போட வேண்டாம். நாம் கேட்பது சட்டம்.

ஒன்று, தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு விதிக்கிறது. 2017இல் மல்டிபிளெக்ஸுக்கே வரி நீங்கலாக 150 ரூபாய் என்றுதான் வரம்பு போட்டார்கள். கச்சேரிக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. ஏன் இல்லை?

இரண்டு, நேரு ஸ்டேடியமும் தீவுத்திடலும் எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் அல்ல. நம் வரிப்பணம். அங்கே கச்சேரி நடந்தால் மூன்றில் ஒரு பங்கு இடம் தரை டிக்கெட்டாக இருக்க வேண்டும். விலை 500 ரூபாய்க்குள். இந்த 500 என் கற்பனை அல்ல. 500 ரூபாய் வரை உள்ள கச்சேரி டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதற்கு மேல் போனால் 18 சதவீதம். சாமானியனின் கோடு எங்கே இருக்கிறது என்று அரசுக்கே தெரியும். அந்தத் தரையும் மேடைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கக்கூஸ் பக்கத்தில் அல்ல.

மூன்று, அச்சடித்த விலைக்கு மேல் மறுவிற்பனை கூடாது. அயர்லாந்து 2021இல் சட்டம் போட்டுவிட்டது. பிரிட்டன் அரசு 2025 நவம்பரில் போடப் போவதாக அறிவித்தது. வெள்ளைக்காரனைப் பார்த்து விலையை மட்டும் காப்பியடிப்பவர்கள் இதையும் காப்பியடிக்கட்டும்.

நான்கு, மேடையில் வாசிக்கிறவர் முதல் குப்பை அள்ளுகிறவர் வரை ஒவ்வொருவரின் கூலியும் எழுத்தில் இருக்க வேண்டும். நம் விழாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பறைக் குழுவுக்குப் பணம் ஒதுக்காமல் இனி நாம் ஒரு நோட்டீஸ்கூட அடிக்கக் கூடாது.

"விருப்பம் உள்ளவன் வாங்குகிறான், உனக்கேன் வயித்தெரிச்சல்?" என்பார்கள். வயித்தெரிச்சல்தான். வடசென்னைச் சாவு வீட்டில் பிறந்த கானா இன்று பெரிய மேடை ஏறுகிறது. சாவுக்கு அடித்த பறை மின்விளக்கில் ஜொலிக்கிறது. பாட்டு நம்முடையது, தோல் நம்முடையது, மேடை கட்டிய கை நம்முடையது. பார்க்கிற கண் மட்டும் வேறொருவனுடையதா?

விடுதிப் பையன் அடுத்த மாதம் இன்னொரு கச்சேரிக்குக் கூலிக்குப் போகப் போவதாகச் சொல்கிறான். போகட்டும், பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டும். நான் அவனிடம் ஒன்று மட்டும் கேட்டேன். உன்னோடு தடுப்பைப் பிடித்து நின்றவர்கள் எத்தனை பேர்? "எரநூறு பேர் இருப்பம்ணே."

இருநூறு பேர். ஒருநாள், ஒரே நேரத்தில், கூலிப் பிடித்தத்துக்குப் பயப்படாமல் அந்த இருநூறு பேரும் மேடைப் பக்கம் திரும்பினால் என்ன ஆகும்?