துணைக்கு வந்த பிள்ளை யார் பொறுப்பு?

பொது இடங்களில் பாலூட்டும் அறையும் குழந்தைப் பராமரிப்பு அறையும் கோரிய பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, பிரசன்னா பி. வராலே அமர்வு, ஒன்றிய அரசு 2024 பிப்ரவரி 27 அன்று மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதத்தைச் செயல்படுத்தச் சொல்லியிருக்கிறது. இருக்கிற கட்டடங்களில் இயன்றவரை, இனி வரும் கட்டடங்களில் திட்டமிடும்போதே இடம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். குழந்தை நலத் துறையில் இருக்கும் நாம் இதை முழு மனதோடு வரவேற்கிறோம்.

ஆனால் மருத்துவமனைகளில் இது எப்படி நிறைவேறும் என்பதும் நமக்குத் தெரியும். வராந்தாவின் ஒரு மூலையில் தடுப்பு வைத்து, திரை கட்டி, 'பாலூட்டும் அறை' என்று பலகை மாட்டிப் புகைப்படத்துடன் அறிக்கை போய்விடும். தமிழ்நாட்டுக்கு அது பழகிய வேலை. 2015இலேயே பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தவர்கள் நாம். தீர்ப்பின் மறு பாதியான குழந்தைப் பராமரிப்பு அறையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கைக்குழந்தை தாயிடம் இருக்கிறது, நோயுற்ற குழந்தைக்குக் கட்டில் இருக்கிறது, பிறகு யாருக்கு அந்த அறை என்று நிர்வாகம் கேட்கும்.

எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் காலை பத்து மணிக்குக் குழந்தைகள் புறநோயாளிகள் பிரிவில் நின்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். இடுப்பில் இளைக்கும் பத்து மாதக் குழந்தை. ஒரு கையில் ஓ.பி. சீட்டு, மறு கையில் பிளாஸ்க்கும் பையும். முந்தானையைப் பிடித்தபடி நான்கு வயது அக்கா. நெபுலைசர் வைக்கும்போது அவளைச் சுவரோரம் உட்காரச் சொல்கிறார் தாய். எக்ஸ்ரேக்கு ஓடும்போது பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம் "கொஞ்சம் பாத்துக்கங்கம்மா" என்று விட்டுப் போகிறார். அட்மிஷன் போட்டதும் வார்டு வாசலில் செக்யூரிட்டி நிறுத்துகிறார்: "சின்னப் பிள்ளைங்களுக்கு அனுமதி இல்ல." அட்டெண்டர் பாஸ் ஒருவருக்குத்தான். அந்த நேரத்தில் அந்தத் தாய் என்ன செய்ய வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்வதில்லை.

இந்த இதழ் இதைத் திரும்பத் திரும்ப எழுதி வருகிறது. ஏனென்றால் இது சிகிச்சையையே பாதிக்கிறது. மருத்துவ ஆலோசனைக்கு எதிராக டிஸ்சார்ஜ் வாங்கிப் போகும் தாய்மார்களிடம் காரணம் கேளுங்கள். "வீட்டுல பெரியவனைப் பாத்துக்க ஆள் இல்ல சார்" என்பதுதான் அடிக்கடி வரும் பதில். ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் இது இன்னும் கடுமை. கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தையோடு தாய் இரண்டு வாரம் வரை தங்க வேண்டும். அவருக்குச் சமையலறை உண்டு, கூலி இழப்புக்கு ஈட்டுத்தொகை உண்டு. கூட வந்த மற்றப் பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. எடை ஏறத் தொடங்கும் நேரத்தில் தாய் மூட்டை கட்டுகிறார். நாம் கேஸ் ஷீட்டில் 'ஆலோசனைக்கு எதிராகச் சென்றார்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். பழி தாய் மேல் விழுகிறது.

2021இல் ஒன்றிய அரசின் 'முஸ்கான்' திட்டம் வந்தபோது நம்பிக்கை பிறந்தது. குழந்தைக்கு இணக்கமான சூழல் என்பது தேசியத் தர உறுதித் திட்டத்தின் மதிப்பெண்ணுக்குள் வந்தது. நடந்தது என்ன? ஒவ்வொரு வரிக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு. பார்த்தல், ஊழியரிடம் கேட்டல், பதிவேடு, நோயாளியிடம் கேட்டல் என நான்கு வழிகள். விளையாட்டு இடமோ பெரும்பாலும் பார்த்தலோடு முடிந்துவிடுகிறது. சுவரில் சோட்டா பீம், ஓரத்தில் பிளாஸ்டிக் சறுக்குமரம். மதிப்பீட்டாளர்கள் போன மறுநாள் அறை பூட்டப்படுகிறது, சாவி ஸ்டோரில் தூங்குகிறது. பொம்மைகள் இருப்புப் பதிவேட்டில் ஏறியவை. ஒன்று உடைந்தால் கழிவு செய்யக் குழு கூட வேண்டும், அதுவரை பொறுப்பேற்ற செவிலியர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் ஏன் பொம்மையை வெளியே எடுப்பார்? தவறு அவருடையது அல்ல. விளையாட வைக்க ஓர் ஆள் வேண்டும் என்று கோப்பு அனுப்பினால், 'அத்தகைய பணியிடம் ஒப்பளிக்கப்படவில்லை' என்று ஒரு வரியில் திரும்பி வருகிறது. ஸ்வீடனில் 1977லேயே மருத்துவமனை விளையாட்டு சட்டக் கடமையாகிவிட்டது.

துணைக்கு வந்த பிள்ளைகளுக்கு அறை கேட்டால் தொற்று பரவும் என்பார்கள். வார்டுக்குள் விடச் சொல்லவில்லை. காய்ச்சல், சொறி, வயிற்றுப்போக்கு, தடுப்பூசி என நான்கு கேள்வி கேட்டு உள்ளே எடுக்கும் தனி அறை. துணிப் பொம்மை வேண்டாம், கழுவித் துடைக்கக் கூடியவை மட்டும். இன்று அதே பிள்ளை இருமும் கூட்டத்தின் நடுவே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றித் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு கவலைப்பட்டுப் பார்த்ததில்லை. பிள்ளை காணாமல் போனால் என்ற பயம் நியாயமானது. பிறந்த குழந்தைக்கும் தாய்க்கும் ஒரே எண்ணில் பட்டை கட்டத் தெரிந்த நமக்கு இங்கும் அது முடியும்.

பணமும் சட்டமும் இல்லை என்பதை ஏற்க முடியாது. 50 ஊழியருக்குக் குறையாத நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017இன் மகப்பேறு நலத் திருத்தச் சட்டமே சொல்லிவிட்டது. அது ஊழியரின் பிள்ளைக்கு. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை பார்த்துக்கொள்கிறது 'பால்னா' திட்டம். அது நாள்தோறும் வரும் பிள்ளைக்கு. இரண்டு மணி நேரம் மட்டும் வந்து போகும் பிள்ளை எந்தத் துறையின் பதிவேட்டிலும் ஏறாது. சுகாதாரத் துறை சமூக நலத் துறையைக் காட்டும், அது பொதுப்பணித் துறையைக் காட்டும். கோடிகளில் பல்நோக்குக் கட்டடங்கள் எழும்புகின்றன. வாகன நிறுத்தத்துக்கு வரைபடத்தில் இடம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளை இத்தனை காலம் எண்ணிக்கூடப் பார்க்காதது அதிகாரிகளின் அலட்சியம் என்று எழுத நாம் தயங்கவில்லை.

இப்போது கையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. புதுக் கட்டட வரைபடம் உங்கள் மேசைக்கு வந்தால், புறநோயாளிகள் பிரிவை ஒட்டி ஓர் அறை கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். அதற்கு முன், ஒரு மாதம் உங்கள் ஓ.பி. பதிவேட்டின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, துணைக்கு வந்த பிள்ளைகளையும் எண்ணி எழுதுங்கள். அந்த எண்ணிக்கையை நோயாளர் நலச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வையுங்கள்; ஒரு பிரதி இந்த இதழுக்கும் அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.