ஆவாரம்பூ மாத்திரைக்கு மாற்றல்ல

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஆவாரையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சாத்தூர், வெம்பக்கோட்டை, திருச்சுழி என்று எந்தப் பக்கம் போனாலும் மழை பொய்த்த ஆண்டில்கூட மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி அது. கண்மாய்க் கரையிலும் தரிசிலும் பட்டாசு ஆலைகளின் வேலியோரத்திலும் தானாக முளைக்கிறது. தை பிறக்குமுன் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு இதையும் ஒடித்து வருகிறோம்.

இப்போது அந்தப் பூ உலர்ந்து பொட்டலமாக வருகிறது. மூலிகைக் கடைகளிலும் சந்தைகளிலும் கைபேசிக் காணொளிகளிலும் அதற்கென்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. காலையும் மாலையும் ஆவாரம்பூ டீ குடித்தால் சுகர் போய்விடும், மாத்திரையை நிறுத்திவிடலாம், செடிதானே, பக்கவிளைவே இல்லை என்கிறார்கள். சிவகாசிப் பக்கம் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: பட்டாசு வேலையில் உடம்புக்குள் போகும் மருந்துத் தூசியை இந்த டீ கழுவி வெளியேற்றிவிடுமாம். பானத்தின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை, அது நல்ல பானம்தான். அதன் பெயரால் சொல்லப்படும் இந்தப் பேச்சு நம் ஆட்களுடைய காலையும் கண்ணையும் சிறுநீரகத்தையும் பறிக்கக்கூடியது. அதனால்தான் ஒவ்வொன்றாக எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் சித்தர்கள் பெயரால் வரும் வாதம். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்ற பழமொழியைச் சொல்லாமல் யாரும் இந்தப் பூவை விற்பதில்லை. சித்த மருத்துவம் ஆவாரையை நீரிழிவுக்குப் பயன்படுத்துவது உண்மை. ஆனால் அது சொல்வது ஆவாரைக் குடிநீரை. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை என்று ஏழு சரக்குகள் சேர்ந்து, தண்ணீர் வற்றும்வரை காய்ச்சி எடுக்கும் கஷாயம் அது. நாடி பார்த்து, நோயின் கட்டம் பார்த்து, பத்தியம் சொல்லித்தான் சித்த மருத்துவர் அதைக் கொடுக்கிறார். ஒரு சிட்டிகைப் பூவைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு வடிகட்டிக் குடிப்பதற்கும் அதற்கும் ஒரு சரக்குதான் பொது. மரபை மதிக்கிறவர்கள் மரபின் முறையையும் அல்லவா மதிக்க வேண்டும்? பழமொழியை மட்டும் எடுத்துக்கொண்டு மருத்துவரை விட்டுவிடுவது மரபாகாது.

அடுத்தது, ஆராய்ச்சியிலேயே நிரூபித்துவிட்டார்கள் என்பது. ஆராய்ச்சி நடந்திருக்கிறது, அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், ஆவாரம்பூச் சாறு எலிகளின் ரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாகக் காட்டினார்கள். மதிப்புள்ள வேலை. ஆனால் அந்த எலிகளுக்கு நீரிழிவு வந்த விதத்தைப் பாருங்கள். ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற ரசாயனத்தைச் செலுத்திக் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களைச் சிதைத்து வரவழைத்த நீரிழிவு அது. நாற்பது வயதுக்கு மேல் நமக்கு வருகிற இரண்டாம் வகை நீரிழிவு பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது: இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படாமல், ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறுவது. எலிகளுக்குக் கொடுத்ததும் டீ அல்ல. எடையில் ஒரு கிலோவுக்கு 0.45 கிராம் என்று அளந்து கொடுத்த செறிவான சாறு. இந்தச் செடியை மேலும் ஆராய வேண்டும் என்று சொல்ல அந்த ஆய்வு போதும். மாத்திரையை நிறுத்தலாம் என்று சொல்ல அது போதாது.

மேலும் ஆராய்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் நம் வீட்டு மருந்துப் பையிலேயே கிடக்கிறது. ஐரோப்பாவில் கலேகா என்றொரு செடி உண்டு. அங்கே நாட்டு மருந்தாகப் பயன்பட்டு வந்த அந்தச் செடியிலுள்ள பொருளைத் தொடர்ந்து போன தேடலின் வழியில்தான் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை பிறந்தது. 1922இல் அதை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார். செடியிலிருந்த பொருளை அப்படியே கொடுத்தால் நஞ்சாகிறது என்று தெரிந்து, பாதுகாப்பான உறவுப்பொருளைக் கண்டுபிடித்து, அளவை நிர்ணயிக்க அத்தனை காலம் பிடித்தது. செடி மருந்துதான் வேண்டும் என்று மெட்ஃபார்மினைத் தூக்கி எறிகிறவர்கள் இந்தக் கதையை அறிய வேண்டும்.

செடியைப் பொட்டலமாக்கி மருந்தென்று விற்பது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. ஹவாய்த் தீவுகளில் மாமகி என்றொரு குறுமரம் இருக்கிறது. அங்குள்ள பூர்வகுடிகள் அதன் பட்டையை அடித்துத் துணி செய்தார்கள், இலையையும் கனியையும் மருந்தாக்கினார்கள். இன்று அந்த இலை தேயிலைபோல் பொட்டலமாகி ரத்த அழுத்தம், சர்க்கரை என்று எல்லாவற்றுக்கும் நல்லது என்ற பேச்சோடு உலகமெங்கும் போகிறது. அமெரிக்காவில் ஒரு பொருளை உணவுத் துணைப்பொருளாக உடல்நலம் சொல்லி விற்றால், எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானது அல்ல என்று உறையில் அச்சிட வேண்டும் என 1994ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. நம் சட்டம் அதைவிடக் கடுமையானது, பழையதும்கூட. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், 1954, குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாத நோய்களைப் பட்டியலிடுகிறது. அதில் நீரிழிவு இருக்கிறது. பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதே என்று காட்டுவார்கள். அது உணவுப் பொருளாக விற்பதற்கான உரிமம். நோயைத் தீர்க்கும் என்பதற்கான சான்று அதில் இல்லை.

இனி, எனக்கே குறைந்ததே என்கிறவர்கள். இவர்கள் பொய் சொல்லவில்லை, இவர்களுக்குத்தான் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை டீ குடிப்பது சாதாரணம். கடை டீ ஒன்றில் இரண்டு கரண்டிச் சீனி என்றால் எட்டிலிருந்து பத்து கிராம். ஐந்து டீக்கு நாற்பது, ஐம்பது கிராம். கூட வரும் வடையையும் வர்க்கியையும் விட்டுவிடுவோம். அந்த ஐந்து டீயையும் நிறுத்திவிட்டுச் சீனி போடாத ஆவாரம்பூ நீரைக் குடிக்கிறவருக்குச் சர்க்கரை குறையாமல் என்ன செய்யும்? வெறும் சுடுதண்ணீரைக் குடித்திருந்தாலும் கணிசமாகக் குறைந்திருக்கும். டீயை மாற்றும் வாரத்திலேயே பலர் சோற்றையும் குறைக்கிறார்கள், நடக்கவும் ஆரம்பிக்கிறார்கள். நன்மை முழுவதும் பூவின் கணக்கில் எழுதப்படுகிறது. இந்த மாற்றத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். சீனி டீயை விடுவதற்கு ஒருவருக்கு ஆவாரம்பூ உதவுகிறதென்றால் அதுவே பெரிய உபகாரம். அந்தக் குறைவை நம்பி மாத்திரையை நிறுத்தும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. காலையில் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் எண் அந்த நேரத்து நிலையை மட்டும் சொல்லும். மூன்று மாதச் சராசரியைச் சொல்வது ஹெச்பிஏ1சி பரிசோதனை. அதைப் பார்க்காமல் குணமாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

இதே இடத்தில் கருப்பட்டியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆவாரம்பூ டீயில் கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்பது பரவலான நம்பிக்கை. கருப்பட்டியில் இரும்பும் வேறு தாதுக்களும் கொஞ்சம் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி, சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். நீரிழிவுக்காரரின் ரத்தத்தில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும்.

பக்கவிளைவே இல்லை என்ற பேச்சுக்கு இலங்கையிலிருந்து பதில் இருக்கிறது. அங்கே சிங்களவர்கள் ரணவரா என்று அழைக்கும் இந்த ஆவாரை நெடுங்காலமாகவே டீயாகக் குடிக்கப்படுகிறது. அதனால் அங்குள்ள ஆய்வாளர்கள் இதைக் கவனமாகப் பார்த்திருக்கிறார்கள். 2004இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஆவாரை டீயையும் முடக்கத்தான் டீயையும் வலிப்பு நோய்க்கான கார்பமஸெபின் மருந்தோடு சேர்த்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆவாரை டீ குடித்த எலிகளின் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு சுமார் 47 விழுக்காடு கூடியிருந்தது. எலி ஆய்வுதான். ஆனால் எலி ஆய்வை நம்பிச் சர்க்கரைக்குக் குடிக்கிறவர்கள் இந்த எலிகளையும் நம்ப வேண்டும் அல்லவா? வலிப்பு மாத்திரை எடுக்கும் ஒருவர் டாக்டரிடம் சொல்லாமல் தினமும் இதைக் குடிப்பது சரியல்ல. இலங்கையிலேயே 1981இல், மூலிகைகளில் கல்லீரலைக் கெடுக்கும் ஒருவகைக் காரப்பொருள்கள் இருக்கின்றனவா என்று தேடியபோது, ஐயத்துக்குரிய மூலிகைகளில் ஆவாரையும் ஒன்றாக வந்தது. அளவாகக் குடிக்கிறவர் இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒன்றுமே செய்யாது என்று சொல்கிறவர்களுக்குத்தான் இது பதில்.

அதைவிட அன்றாட ஆபத்து ஒன்று இருக்கிறது. ஆவாரை உண்மையிலேயே சர்க்கரையைக் குறைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரை எடுக்கும் ஒருவர் காலையில் சரியாகச் சாப்பிடாமல், இதையும் குடித்துவிட்டு வேலைக்குப் போனால் சர்க்கரை தேவைக்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். வயல்வரப்பில் இப்படி வந்தால் உட்கார்ந்துகொள்ளலாம். வெடிமருந்து கலக்கும் அறையில் ஒரு தட்டு கை தவறி விழுந்தால் என்ன ஆகும் என்று பட்டாசுத் தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டாம். வேலை செய்கிற டீயாக இருந்தால் டாக்டரிடம் சொல்லித்தான் குடிக்க வேண்டும். வேலை செய்யாத டீயாக இருந்தால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. இரண்டில் எது உண்மையானாலும் பொட்டலக்காரரின் அறிவுரை தப்பு.

பட்டாசுத் தூசியைக் கழுவும் என்ற பேச்சுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. வெடியுப்பு, கந்தகம், கரித்தூள், அலுமினியத் தூள் என்று தொழிலாளி நாளெல்லாம் தூசிக்குள் உட்கார்ந்திருக்கிறார். அலுமினியத் தூள் வெள்ளிபோல் கையிலும் முகத்திலும் அப்பியிருக்கும். மூச்சில் போகும் தூசி நுரையீரலுக்குப் போகிறது, குடிக்கும் டீ இரைப்பைக்குப் போகிறது. நுரையீரலின் சிற்றறைகளில் படிந்த துகளை எந்தக் கஷாயமும் எட்டிக் கழுவாது. அடிக்கடி சிறுநீர் போவதைக் காட்டி விஷம் இறங்குகிறது என்கிறார்கள். பேரியத்தையே எடுத்துக்கொள்வோம். பட்டாசில் பச்சை நிற ஒளிக்கு நெடுங்காலம் பயன்படுத்திவந்த அதை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்து, 2021இல் அந்தத் தடையை மீண்டும் வலியுறுத்தியது. உடலுக்குள் போன பேரியம் பெரும்பாலும் மலத்தோடுதான் வெளியேறுகிறது. டீ குடித்துச் சிறுநீரைக் கூட்டுவதால் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது.

தூசியைக் குறைக்காமல் தூசிக்கு மாற்றுமருந்து கொடுத்த கதை ஒன்று கனடாவில் நடந்தது. ஒன்டாரியோ மாகாணச் சுரங்கங்களில் 1943 முதல் 1979 வரை, கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் நோயைத் தடுக்கும் என்று நம்பி, தொழிலாளர்களை நுண்ணிய அலுமினியத் தூளைச் சுவாசிக்க வைத்தார்கள். மெக்கின்டயர் தூள் என்று பெயர். பின்னாளில் அதைச் சுவாசித்தவர்களிடையே பார்க்கின்சன் நோய் கூடுதலாகக் காணப்பட்டு, 2022இல் ஒன்டாரியோ அரசு அதைத் தொழில்சார் நோயாக ஏற்றுக்கொண்டது. ஆவாரம்பூ அப்படிப்பட்ட நஞ்சல்ல. ஆனால் டீ கழுவிவிடும் என்று நம்பினால் முகக்கவசம் தரச்சொல்லி யார் கேட்பார்கள்? காற்றோட்டம், முகக்கவசம், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கைகழுவத் தண்ணீர், வீட்டுக்குக் கிளம்புமுன் குளித்து உடைமாற்ற இடம் ஆகிய நான்கும் தொழிலாளிக்கு ஆலை தரவேண்டியவை. அந்தப் பொறுப்பை ஒரு பூவின் தலையில் கட்டிவிட முடியாது.

கடைசியாக, இந்தப் பேச்சுகளுக்கெல்லாம் அடியில் இருக்கும் பயம். மாத்திரையை ஆரம்பித்தால் விடமுடியாது, சிறுநீரகம் போய்விடும் என்ற பயம். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு மெட்ஃபார்மின் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள், அதைப் பார்த்துத்தான் மாத்திரையால் கெட்டது என்று கதை கிளம்புகிறது. கட்டுப்படாத சர்க்கரை கால் நரம்பையும் மரத்துப்போகச் செய்யும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு வேலை செய்கிற ஊரில், குத்தியது தெரியாத கால் எவ்வளவு ஆபத்து! தீக்காயமும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு எளிதில் ஆறாது. ஒருநாள் கூலியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாது என்ற கஷ்டம் உண்மையானது. அதற்காகத்தான் 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. காப்பீடு உள்ள தொழிலாளிக்கு ஈஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. ஆவாரைக் குடிநீர்தான் வேண்டும் என்கிறவர் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் கேட்கலாம்.

ஆவாரம்பூவைக் குடிக்க விரும்புகிறவர்கள் தாராளமாகக் குடிக்கட்டும். நாற்கரச் சாலையோரத்திலும் ஆலை வேலியோரத்திலும் பறிக்காமல், தூசி படாத தரிசுக்காட்டில் பறித்து நிழலில் உலர்த்துங்கள். கடையில் வாங்கினால் பூவாகவே வாங்குங்கள். பொடித்த இலையில் நிலாவாரை கலந்திருந்தால் பேதியாகும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். சீனியும் கருப்பட்டியும் வேண்டாம். மூன்று மாதம் குடித்துவிட்டு ஹெச்பிஏ1சி பாருங்கள். எண் நன்றாக இறங்கியிருந்தால் அந்தச் சீட்டோடு டாக்டரிடம் போய், இதைக் குடித்துவருகிறேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைக்கலாமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.