பழைய எண்ணெய் எங்கே போகிறது?



நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் தம் இளமையைப் புல்டோசர்களைப் பழுதுபார்ப்பதில் கழித்தவர். நந்தனத்தில் தலைமை அலுவலகம் கொண்டுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை, நிலம் சமன்படுத்துவதற்கு விவசாயிகளுக்குப் புல்டோசர்களை வாடகைக்குத் தருவதை உங்களில் கிராமத்து நிலம் உடையவர்கள் அறிவீர்கள். சேற்று நிலத்தில் சக்கரங்கள் புதைந்துபோனதால்தான் கலிபோர்னியாவின் பெஞ்சமின் ஹோல்ட் 1904ஆம் ஆண்டில் பட்டைகளின்மேல் ஊரும் இயந்திரத்தை ஓட்டிச் சோதித்தார். அந்த வம்சத்தைச் சேர்ந்த பழைய செயின் டிராக்டர் ஒன்று சகோதரரின் உறவினர் தோட்டத்தில் நெடுங்காலமாக நின்றிருந்தது. அதன் கியர் எண்ணெயை மாற்றும்போது என்னையும் அழைத்துச் சென்றார்.

முதலில் மேலே எண்ணெய் ஊற்றும் திருகைத் திறந்தார். அது துருவேறித் திறக்காமற்போனால், கீழே வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்ற வழியின்றி நிற்க நேரிடும் அல்லவா! பிறகு இயந்திரத்தைச் சற்று ஓட்டிச் சூடாக்கினார். சூடான எண்ணெய்தான் அடியில் தங்கிய கசடையும் இழுத்துக்கொண்டு வரும். வந்தது எண்ணெய் நிறத்திலேயே இல்லை. பால் கலந்த காப்பிபோல் இருந்தது. "தண்ணீர் இறங்கியிருக்கிறது, ஐயரே" என்றார். மெல்லிய எண்ணெயில் டீசல் கலந்து ஊற்றி, சுமையில்லாமல், மெதுவாக, சில நிமிடங்கள் மட்டும் கியர்களைச் சுழலவிட்டு மறுபடியும் வடித்தார். அந்தக் கலவைக்கு உராய்வைத் தாங்கும் வலிமை இல்லை. அதை வைத்து உழப் போனால் பற்கள் தேய்ந்துவிடும். பக்கவாட்டில் திருப்புவதற்கான கிளட்சுகள் அந்த இயந்திரத்தில் உலர்ந்தே இருக்கவேண்டியவை. கசிந்த எண்ணெயால் அவை வழுக்கியதால், அவற்றைத் தனியே மண்ணெண்ணெயில் கழுவினார். புது எண்ணெயிலும் அவர் அவசரப்படவில்லை. உயர்ந்த தரம் என்று கடைக்காரர் நீட்டும் ஜிஎல்-5 எண்ணெய்களில் உள்ள கந்தகச் சேர்மானம், பழைய பெட்டிகளின் வெண்கல புஷ்களை அரிக்கக்கூடும் என்று சொல்லி, இயந்திரத்தின் கையேட்டைத் தேடி எடுத்துவரச் செய்தார்.

இவ்வளவு கவனமாக நடந்த வேலையின் முடிவில், வடித்த கேன்களைப் பார்த்து ஒருவர், "வேலிக்கால்களுக்குப் பூசிவிட்டு மீதியை வாய்க்காலில் ஊற்றிவிடலாம்" என்றார். சகோதரர் முகம் சுளித்தார். நானோ தலைகுனிந்தேன். நம் ஆலய ஜெனரேட்டருக்கு ஆண்டுதோறும் எண்ணெய் மாற்றுகிறோம்; பழையது எங்கே போகிறது என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

தியாகராய நகரில் சாலையோரம் ஊற்றியது மாம்பலம் கால்வாயில் இறங்கி, நந்தனம் அருகே அடையாற்றில் சேர்ந்து, சீனிவாசபுரத்து முகத்துவாரத்தை அடைகிறது. அங்கே வலை வீசுகிறவர்கள் நமக்கு அந்நியர் அல்லர். 2017 ஜனவரி 28இல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபோது கரையில் படிந்த எண்ணெயை மக்கள் வாளிகளால் அள்ளியதைக் கண்டு கலங்கினோம். அதற்குக் காரணமானவர்களைக் கடிந்துகொள்வது நமக்கு எளிதாயிருந்தது. ஒரு லிட்டர் என்ன செய்துவிடும் என்று நம் வீட்டு வாசலில் நின்று கேட்பதும் அவ்வளவே எளிது.

பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் பையனைக் குற்றப்படுத்துவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. சுத்தமான எண்ணெயோடு வண்டியை வெளியே ஓட்டிச் செல்கிறவர் நாம், கேட்கவேண்டியவரும் நாமே. பயன்படுத்திய எண்ணெயை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்கவேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளும் வலியுறுத்துகின்றன. உங்கள் மெக்கானிக்கிடம், "இதை யார் எடுத்துச் செல்கிறார்கள்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் கேனைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆலயத்தின் பின்புறக் கொட்டகையில், மழை படாத இடத்தில், இறுக மூடிய இரண்டு கேன்களை வைத்திருக்கிறோம். ஒன்று எண்ணெய்க்கு, மற்றது டீசல் கலந்து கழுவியதற்கு. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள், தண்ணீரும் சேரவேண்டாம். சாவி சகோதரரிடம் இருக்கிறது.